ஒரே படகு, இரண்டு கடல்: டெக்னோ தொகுப்பு ஆல்பத்தைக் கேட்பது எப்படி

"அண்ணே, பதினாலு பாட்டுன்னு போட்டிருக்கு. எனக்கென்னமோ ஒரே பாட்டு பதினாலு தடவ ஓடுன மாதிரிதான் இருக்கு."

சித்தப்பா மகன் இதைச் சொன்னது ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரின் வடகடல் கரையில், மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகில் டிரைவராகப் போகிறவனுக்கு வலை வேலை, இன்ஜின் வேலை, பெயின்ட் வேலை எல்லாம் போக அந்த இரண்டு மாதத்தில் மிச்ச நேரம் நிறைய உண்டு. டெக்னோ என்பது இயந்திரங்களை வைத்துச் செய்யும் ஆட்ட இசை. என் போனில் கிடந்த ஒரு டெக்னோ லேபிளின் தொகுப்பு ஆல்பத்தை, அதாவது பலர் செய்த பாட்டுகளைச் சேர்த்த ஆல்பத்தை, அவன் முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஓடவிட்டுக் கேட்டிருக்கிறான். பொறுமையாகக் கேட்டவன் சொல்லும் குறையைத் தட்டிக்கழிக்க முடியாது. அவனுக்கு அன்று சாயங்காலம் சொன்னதைத்தான், டெக்னோ என்ற வார்த்தையையே இப்போதுதான் கேள்விப்படுகிறவருக்கும் ஆகும்படி எழுதுகிறேன்.

முதலில் போனைச் சொல்ல வேண்டும். டெக்னோவில் 'தும் தும்' என்று விழும் அடிக்கு கிக் என்று பெயர். அந்த ஒலியின் கனம் ஏறத்தாழ 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. அடியின் மேல்நுனியில் இருக்கும் 'டிக்' மட்டும்தான் காதுக்கு வரும். மிருதங்கத்தில் தொப்பியைத் துணி போட்டு மூடிவிட்டு வலந்தலையை மட்டும் கேட்பது போலத்தான். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தக் கீழ்ச்சத்தத்தில்தான் இருக்கிறது. அது எப்படி விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது காணாமல் போகிறது என்பதெல்லாம் போன் ஸ்பீக்கரில் தெரியவே தெரியாது. காதுக்குள் சரியாக உட்காரும் சாதாரண ஹெட்செட் போதும். அது இல்லாமல் டெக்னோ கேட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

லேபிள் என்பது யார்?

நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டையும் எக்கோ கேசட்டையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு லேபிள் என்றால் பாட்டு வெளியிடும் கம்பெனி. டெக்னோவில் லேபிள் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பேரின் காது. அவர்களே டிஜேக்களாக இருப்பார்கள், ஒரு ரெக்கார்டு கடை வைத்திருப்பார்கள், அல்லது ஒரு கிளப் நடத்துவார்கள். தங்கள் காதுக்குச் சரியென்று படுவதை 12 அங்குலத் தட்டுகளாக, ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று பாட்டு வீதம், வெளியிடுவார்கள். பாடியவர் பெயரைவிட லேபிள் பெயரைப் பார்த்துத் தட்டு வாங்கும் பழக்கம் இந்த இசையில் சாதாரணம்.

அந்தத் தட்டுகள் இரவில் ஆட்டக்களத்தில் பயன்படுவதற்காகச் செய்யப்பட்டவை. தொகுப்பு ஆல்பத்தின் கதை வேறு. தங்களுடைய பலரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, எங்கள் காது இவ்வளவு தூரம் போகும் என்று லேபிள் காட்டும் இடம் அது. தனித் தட்டில் வைத்தால் விலைபோகாத மெதுவான துண்டு, அடியே இல்லாத துண்டு, எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத துண்டு எல்லாம் தொகுப்பில்தான் இடம் பிடிக்கும். ராமநாதபுரத்தில் கேசட் கடைகள் இருந்த நாளில் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து 60, 90 நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்குவோமே, அது கேட்கிறவரின் ருசி. இது கொடுக்கிறவரின் ருசி. அதனால்தான் பாட்டு பாட்டாகப் பிய்க்காமல் வைத்த வரிசையிலேயே கேட்க வேண்டும் என்கிறேன்.

தகதிமி தெரிந்தால் பாதி தெரிந்தது

டெக்னோவின் சட்டகத்தைப் புரிந்துகொள்ள நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது. 'தகதிமி தகதிமி தகதிமி தகதிமி' என்று சீராகச் சொல்லிப் பாருங்கள். 16 எழுத்து. அதுதான் டெக்னோவின் ஒரு சுற்று. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-இல் டிஆர்-808, 1983-இல் டிஆர்-909 என்று இரண்டு டிரம் இயந்திரங்களை விற்பனைக்கு விட்டது. இரண்டிலும் முன்பக்கம் ஒரே வரிசையில் 16 பொத்தான்கள் இருக்கும். எந்த எழுத்தில் எந்த ஒலி விழவேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தி வைத்தால் இயந்திரம் அதைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும்.

ஒவ்வொரு 'த'விலும் கிக் விழட்டும். ஒவ்வொரு 'தி'யிலும் 'த்ஸ்' என்று ஒரு சிம்பல் சத்தம் வரட்டும். இரண்டாவது, நான்காவது 'த'வில் கைதட்டல் போன்ற ஒரு சத்தத்தையும் சேருங்கள். வாயாலேயே செய்து பார்க்கலாம். நிமிஷத்துக்கு 130 அடி என்ற வேகத்தில் ஒரு சுற்று இரண்டு விநாடிக்கும் குறைவாக முடிந்துவிடும். நேரான டெக்னோவின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

இனி மாற்றங்களை எளிதாகப் பிடிக்கலாம். கிக் நான்கு 'த'விலும் விழாமல், முதல் 'த'வில் ஒன்று, பிறகு மூன்றாவது தகதிமியின் 'தி'யில் ஒன்று என்று விழுந்தால் நடை சட்டென்று நொண்டி ஆடும். அதை எலக்ட்ரோ என்பார்கள். தகதிமிக்குப் பதில் 'தகிட' என்று ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிந்தால் ஊஞ்சல் போல ஓர் அசைவு வரும். நம் திஸ்ர நடைதான். ஜெர்மனியில் அதற்கு ஷாஃபல் என்று பெயர். கிக்கையே எடுத்துவிட்டு நீண்ட நாதத்தை மட்டும் விட்டால் ஆம்பியன்ட்.

மினிமல் என்று சொல்லப்படுவது எனக்கு மிகவும் பிடித்தது. அதில் இருப்பவை மிகக் கொஞ்சம். ஒரு கிக், ஒரு சிம்பல், மூன்றே எழுத்து நீளமுள்ள ஒரு சின்ன மணிச்சத்தம். 16 எழுத்துச் சுற்றின் மேல் அந்த மூன்றெழுத்து மணி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் விழுந்துகொண்டே போய், மூன்று சுற்றுக்கு ஒருமுறை சமத்தில், அதாவது சுற்றின் முதல் எழுத்தில், வந்து சேரும். எதுவும் மாறவில்லை, ஆனாலும் எல்லாம் நகர்கிறது. ஒரே பாட்டு பதினாலு தடவை ஓடியதாக நினைப்பவர் கணக்குத் தெரிந்து கேட்டால் முதலில் திகைப்பது இந்த இடத்தில்தான்.

இன்ஜின் சத்தம்

தாளத்தோடு மட்டும் நின்றால் பாதி ஆல்பம் கைநழுவிப் போகும். மீதி வேறுபாடு ஒலியின் தன்மையில் இருக்கிறது. அதை விளக்க எனக்கு வள்ளத்தைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

விடியற்காலையில் கரையில் நின்றால் தூரத்தில் வரும் டீசல் வள்ளத்தின் சத்தம் முதலில் வெறும் 'தும் தும்' என்றுதான் கேட்கும். காற்று மேல்சத்தத்தைத் தூரத்திலேயே தின்றுவிடும், கீழ்ச்சத்தம்தான் தாண்டி வரும். வள்ளம் நெருங்க நெருங்க அதே அடிக்கு உலோகச் சத்தம் முளைக்கும், 'டக் டக்' ஆகும், புகைக்குழாயின் கரகரப்பு சேரும், கடைசியில் பலகை அதிர்வது வரை தனித்தனியாகக் கேட்கும். இன்ஜின் ஒரே சீராகத்தான் ஓடியது. கரைக்கு வந்து சேர்ந்த சத்தம்தான் மெல்ல மெல்லத் திறந்தது. டெக்னோ செய்கிறவர் ஃபில்டர் என்ற திருகைத் திருப்பிச் செய்வது இதையேதான். ஒரு பாட்டில் ஐந்து நிமிஷமாக ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும்போது அநேகமாக ஒரு வள்ளம் கரைக்கு வந்துகொண்டிருக்கும்.

அந்தத் திருகை இன்னும் முரட்டுத்தனமாகத் திருப்பினால் கிடைப்பது அசிட். ஒரே சுருதியில் 'ஊ' என்று இழுத்து, உதட்டை 'ஈ' வரைக்கும் மெல்ல மாற்றுங்கள். சுருதி அப்படியே இருக்கும், மேலே ஒரு விசில் மாதிரி ஏறி இறங்கும். ரோலண்டின் டிபி-303 என்ற சின்னப் பெட்டி செய்வது இதுதான். பாஸ் கிட்டார் வாசிக்க ஆளில்லாதவர்களுக்காக 1980-களின் தொடக்கத்தில் வந்த அந்தப் பெட்டி சரியாக விற்கவில்லை. பழைய சாமானாக மலிவு விலைக்கு வந்தபோது சிகாகோ இளைஞர்கள் வாங்கி, திருகுகளைக் கண்டபடி திருப்பி, 1987-இல் அந்த ஒலியை உலகுக்குக் கொடுத்தார்கள். இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1982-லேயே பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரை இசைக் கலைஞர் இதே 303, இதே 808 இரண்டையும் வைத்துப் பத்து ராகங்களை வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். அப்போது கவனிப்பார் இல்லை. 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் அண்ணாந்து பார்த்தது.

டப் டெக்னோவை எங்கள் ஊர்க்காரருக்கு இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பாலத்துக்கு அடியில் வள்ளம் நுழையும்போது ஒரு குரல் கொடுத்தால் தூண்களுக்கு இடையே அது பல குரலாகித் தேய்ந்துகொண்டே போகும். ஒரே ஒரு சுரக்கூட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு, அதன் எதிரொலியையே இசையாக்குவது டப். முறை ஜமைக்காவில் பிறந்தது. அதை டெக்னோவுக்குள் கொண்டுவந்தவர்கள் பெர்லினில் 1993-இல் பேசிக் சேனல் லேபிளைத் தொடங்கிய மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும்.

வடகடலும் தென்கடலும்

இவ்வளவு வேறுபட்ட ஒலிகளை ஒரே லேபிள் வெளியிட்டால் அது எப்படி ஒரே லேபிளாக இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. மண்டபத்தில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வது சுலபம்.

எங்களுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். நடுவில் நிலம் ஒரு கயிறு போலத்தான் கிடக்கிறது. தனுஷ்கோடிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அலையடிக்கும் தெற்கை ஆண்கடல் என்றும் அமைதியான வடக்கைப் பெண்கடல் என்றும் சொல்லிக் காட்டுவார்கள். பெயர் பிழையில்லை. ஆனால் வருஷம் முழுக்க அது நிற்பதில்லை. வாடைக்காற்று எழுந்துவிட்டால் வடகடல்தான் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். அதனால் தொழிலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பார்த்து ஒரு பருவத்தில் இந்தக் கடல், ஒரு பருவத்தில் அந்தக் கடல் என்று மாறிக்கொள்வார்கள். படகு அதே படகு, ஆட்கள் அதே ஆட்கள்.

அசிட், மினிமல், டப் என்ற பெயர்கள் எல்லாம் ஆண்கடல் பெண்கடல் மாதிரிதான். முதல் தடவை வழி காட்டுவதற்கு அவை வேண்டும், அப்புறம் இன்றைக்குக் காற்று எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு தொகுப்பு எத்தனை வகைகளைத் தொடுகிறது என்று எண்ணுவதால் ஒன்றும் கிடைக்காது. எல்லா வகையிலும் மாறாமல் இருப்பது என்ன என்பதுதான் கேட்க வேண்டியது. கிக்குக்கும் அடுத்த ஒலிக்கும் இடையே விடும் வெற்றிடமாக இருக்கலாம். எல்லாப் பாட்டிலும் படிந்திருக்கும் ஒருவகைக் கரகரப்பாக இருக்கலாம். அதுதான் படகு.

சரித்திரத்திலிருந்து சில படகுகளைக் காட்டுகிறேன்.

டெக்னோ என்ற பெயரே ஒரு தொகுப்பு ஆல்பத்தால்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டில் ஹுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று ஒரே பள்ளியில் படித்த மூன்று கறுப்பின இளைஞர்கள் ஆளுக்கொரு லேபிள் வைத்திருந்தார்கள். அவர்கள் வட்டாரத்தின் இசையைத் திரட்டி 1988-இல் லண்டனில் ஒரு தொகுப்பு வந்தது. எங்கள் பாம்பன் சாலைப் பாலம் திறந்த வருஷமும் அதுதான். ஆல்பத்துக்கு முதலில் 'டெட்ராய்ட்டின் ஹவுஸ் இசை' என்ற பொருளில்தான் பெயர் வைப்பதாக இருந்தது. ஹவுஸ் என்பது சிகாகோவில் பிறந்த ஆட்ட இசை. ஆட்கின்ஸ் கொடுத்த பாட்டின் தலைப்பில் டெக்னோ என்ற சொல் இருந்தது. அதைப் பார்த்துப் பெயரை மாற்றினார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த முதல் ஆல்பத்திலேயே வாயாரப் பாடிய சந்தோஷமான பாட்டும் இருந்தது, மனிதக் குரலே இல்லாத இறுக்கமான இயந்திர ஓட்டமும் இருந்தது. பெயர் வைத்த நாளிலேயே டெக்னோ ஒரே சத்தமாக இல்லை.

பெர்லினில் டிரஸர் என்றொரு கிளப். 1991 மார்ச்சில், ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் தொடங்கினார்கள். ஜெர்மன் மொழியில் அந்தப் பெயருக்கே இரும்புப் பெட்டகம் என்றுதான் பொருள். கிளப்பின் பெயரிலேயே லேபிள். 1993-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது தொகுப்பு பெர்லின்காரர்களையும் டெட்ராய்ட்காரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1989-இல் தொடங்கிய வார்ப் லேபிள் 1992-இல் 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற தொகுப்பைப் போட்டது. அட்டையில் ஓர் இயந்திர மனிதன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், தரையில் இசைத்தட்டு உறைகள் சிதறிக் கிடக்கும். ஆடுவதற்கு என்று இருந்த இசையை உட்கார்ந்து கேட்கலாம் என்று சொன்ன அட்டை அது. அதில் 'தி டைஸ் மேன்' என்ற பெயரில் வருபவர் ஏஃபெக்ஸ் ட்வின் என்று அறியப்பட்ட ரிச்சர்ட் டி. ஜேம்ஸ். 'அப்!' என்ற பெயரில் வருபவர் ரிச்சி ஹாட்டின். ஒருவரே பல பெயரில் எழுதுவது இந்தத் துறையில் வழக்கம். அட்டையில் பத்துப் பெயர் இருந்தால் பத்து ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீச்சு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெர்மனியின் கொலோன் நகரத்து கொம்பாக்ட் லேபிள்தான். 1993-இல் ரெக்கார்டு கடையாகத் தொடங்கி, 1998-இல் இந்தப் பெயருக்கு வந்தார்கள். 1999-இல் தொடங்கிய 'டோட்டல்' என்ற தொகுப்பு வரிசையில் ஒல்லியான மினிமலுக்குப் பக்கத்தில் பாப் மெட்டு உட்கார்ந்திருக்கும். திஸ்ரத்தில் ஆடும் ஷாஃபல் துண்டுகளுக்கு அவர்கள் வீட்டில் தனி மரியாதை. அதே லேபிள் 2001 என்று ஆண்டுப் பெயரிட்டுத் தொடங்கிய 'பாப் ஆம்பியன்ட்' வரிசை அடியே இல்லாத மிதக்கும் இசைக்கானது. தகதிமி, தகிட, தாளமே இல்லாமை மூன்றும் ஒரே வீட்டில். ஆனாலும் நாலு பாட்டு கேட்டால் ஒரு மென்மையும், மெட்டு மேல் உள்ள ஆசையும் எல்லாவற்றிலும் ஓடுவது தெரிந்துவிடும்.

எல்லாத் தொகுப்பும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் விற்ற பாட்டுகளை மூட்டையாகக் கட்டி ஆல்பம் என்று விற்பவர்கள் உண்டு. அதில் வகை நிறைய இருக்கும், படகு இருக்காது. பதினாலும் உண்மையிலேயே ஒன்றுபோல் இருக்கும் ஆல்பங்களும் உண்டு. சித்தப்பா மகன் சொன்ன குறை அவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

மறுபடி கேட்டது

என் ஹெட்செட்டை அவனிடம் கொடுத்தேன். வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே ஆரம்பத்திலிருந்து கேட்டான். இரண்டாவது பாட்டில் "த-வுலயெல்லாம் விழுது" என்றான். ஐந்தாவதில் கை நின்றுவிட்டது. "இது எங்க விழுதுன்னே தெரியலியே" என்று திரும்பவும் முதலிலிருந்து போட்டு, மூன்றாவது தகதிமியில் 'தி'யைப் பிடித்துவிட்டான். எட்டாவதில் கிக்கே கிடையாது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு, "அடி இல்ல. ஆனா போய்க்கிட்டுத்தான் இருக்குண்ணே" என்றான்.

இன்ஜின் சத்தத்தை வைத்தே வருவது யார் படகு என்று கரையிலிருந்து சொல்லக்கூடியவன் அவன். பன்னிரண்டாவது பாட்டு பாதி ஓடும்போது நிறுத்தி, மூன்றாவதுக்குப் போனான். மறுபடி பன்னிரண்டுக்கு வந்தான்.

"அண்ணே, இதும் அதும் ஒரே ஆளு செஞ்சது."

மூன்றாவது வேகமான அசிட், பன்னிரண்டாவது மெதுவான டப். இரண்டுக்கும் போட்டிருந்த பெயர் வேறு வேறு. எனக்கு எந்த ஒற்றுமையும் தெரிந்ததில்லை. எப்படிடா சொல்கிறாய் என்றேன். "அந்த 'த்ஸ்' சத்தத்த கேளுங்க. வால் கொஞ்சம் நீளமா இழுக்குதுல்ல, ரெண்டுலயும் அதே வால்."

ஆல்பத்தின் விவரப் பக்கத்தைத் திறந்து இசையமைத்தவர் பெயரைத் தேடினோம். இரண்டு பாட்டுக்கும் கீழே ஒரே பெயர் இருந்தது. ஐந்து வருஷமாக என்னிடம் இருந்த ஆல்பம் அது. ஹெட்செட்டை வாங்கி, மூன்றாவது பாட்டை முதலிலிருந்து போட்டேன்.